சாம்பல் நிறக் காரும் மடப்பள்ளிப் புளியும்

போன மாதம் எங்கள் பழைய பட்டறைக்கு ஒரு நடை போயிருந்தேன். வேலையிலிருந்து நின்றவனுக்கு இப்படி எங்கேயாவது போய் நிற்காவிட்டால் பொழுது நகராது. அரக்கோணம் ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டறையில் இப்போது இரண்டு பெயின்டர்கள். இருவருமே நான் விலகிய பிறகு சேர்ந்தவர்கள். வாசலில் ஏழு கார்கள் நின்றிருந்தன. ஒன்று வெள்ளை, மீதி ஆறும் சாம்பல். வெளிர் சாம்பல், கறுத்த சாம்பல், ஈயச் சாம்பல், எலிச் சாம்பல் என்று வகைக்கு ஒன்றாக வரிசை கட்டி நின்றன.

"இன்னாண்ணா இது, புதுசா வர்ற வண்டி எல்லாமே அடுப்புலேர்ந்து வாரிகினு வந்த மாதிரி இருக்குது" என்றார் ஒருவர். கம்பெனிக்காரனுக்கு வேறு பெயின்டே கிடைக்கவில்லையா என்று மற்றவர் கேட்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் வேலை கெட்டுப்போனது. முடிவில், இதையெல்லாம் எழுதி வையுங்களேன் என்றார்கள். என்னைக் கிளப்பி வீட்டுக்கு அனுப்புவதற்காகத்தான் அப்படிச் சொன்னார்களோ என்னவோ, நான் உண்மையாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். சாம்பல் நிறத்தைப் பற்றித் திருத்தணி தாலுகாவில் என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் இருந்தால் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

நான் தொழில் கற்றது சென்னையில். ஐந்து வருடம் வாட்டர் பேப்பரால் வண்டியைத் தேய்த்தேன், இரண்டு வருடம் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்தேன், அதற்குப் பிறகுதான் ஸ்ப்ரே கன்னைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஏழு வருடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊருக்கே திரும்பி வந்து இந்தப் பட்டறையில் சேர்ந்தேன்.

பட்டறையை நடத்தியவர் ருக்குமணி அக்கா. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கணவர் ஆரம்பித்த பட்டறை, அவர் இறந்த பிறகு அக்கா எடுத்து நடத்தினார். விற்றுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார் என்று ஊரில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் காரியம் முடிந்த மறுநாளே வந்து கல்லாவில் உட்காராமல் ஷெட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாராம். பிறந்த வீடு பொதட்டூர்பேட்டை. அவருடைய அப்பா லுங்கி நூலுக்குச் சாயம் போட்டவர். பத்து வயதிலிருந்து சாயம் போட்ட நூலைப் பிரித்து அடுக்கியவர் அக்கா. கன்னை ஒரு நாளும் கையில் எடுத்ததில்லை. ஆனால் அவர் பார்த்துப் "போகலாம்" என்று சொல்லாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டியதில்லை.

அவர் பார்க்கும் விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஷெட்டுக்குள் எரியும் டியூப்லைட்டில் நிறத்தைப் பார்க்கவே மாட்டார். வண்டியை வெளியே தள்ளச் சொல்வார். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை. நேர் வெயிலும் கூடாது, கட்டடத்தின் வடக்குப் பக்க நிழலில் நிற்க வேண்டும். முதலில் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்ப்பக்கத்து மதில் சுவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். கண்ணில் ஒட்டியிருக்கும் பழைய நிறம் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு சட்டென்று திரும்பி நேராக ஒரு பார்வை. அப்புறம் இடது பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாய்வாக ஒரு பார்வை, வலது பக்கம் போய் ஒரு பார்வை. சரியாக இருந்தால் "போகலாம்". இல்லையென்றால் எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விடுவார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

நான் சேர்ந்த காலத்தில் வந்த கார்கள் எல்லாம் கிரீம், வான நீலம், பாட்டில் பச்சை, மெரூன், ரத்தச் சிவப்பு. அந்த நிறங்களைச் சேர்ப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. டப்பாவில் குச்சியை விட்டுக் கலக்கி, குச்சியை வண்டிப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். ஒத்துப்போனால் ஒத்துப்போனதுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் முதல் வெள்ளி நிற வண்டி வந்தது. ஒரு டாக்டருடையது. கதவு நசுங்கியிருந்தது. குச்சியைப் பிடித்துப் பார்த்தேன், ஒத்துப்போனது, அடித்துவிட்டேன். டாக்டர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு யாருடைய கதவையோ மாற்றி மாட்டிவிட்டாயா என்று கேட்டார். அன்றுதான் எனக்குப் புதுப் பாடம் ஆரம்பமானது. அந்தப் பெயின்டில் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியான அலுமினியத் தகடுகள் இருக்கின்றன. ஈரமாக அடித்தால் அவை அடியில் போய் உட்காரும், நிறம் கறுக்கும். உலர்வாக அடித்தால் மேலேயே நிற்கும், நிறம் வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே கன், ஒரே ஆள். காலையில் அடித்தால் ஒரு நிறம், உச்சி வெயிலில் அடித்தால் வேறு நிறம். நேராகப் பார்த்தால் ஒரு நிறம், பக்கவாட்டில் பார்த்தால் வேறு நிறம். குச்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் சலித்துக்கொண்டேன், அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. எங்க நைனா இதைத்தான் தினமும் பண்ணிகினு இருந்தார் என்றார். ஒரே சாயம்தான், ஆனால் இரண்டு தடவை முக்கி எடுத்த நூலை ஒரே லுங்கியில் போட்டு நெய்தால், கட்டிக்கொண்டு நடக்கும்போது பட்டை பட்டையாகத் தெரியுமாம். கடைக்காரன் கவுன்ட்டரில் விரித்துப் போட்டுப் பார்த்தால் தெரியாதாம். அதனால்தான் அவர் அப்பா நூலைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அக்கா வண்டிப் பக்கத்தில் ஏன் குத்துக்காலிட்டு உட்காருகிறார் என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

ஏன் எல்லாமே சாம்பலாக வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ரோடுகளை நினைத்துப் பாருங்கள். திருப்பதி போகும் பஸ்களும் லாரிகளும் கிளப்பும் மண், கல் உடைக்கும் இடங்களிலிருந்து வரும் பொடி. கறுப்பு வண்டியை மணவூர் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டு வந்தால் துடைக்க ஒரு வாளி தண்ணீர் வேண்டும். வெள்ளை வண்டி ஒரு மழைக்குத் தாங்காது. சாம்பல் வண்டி முதலிலேயே அழுக்கின் நிறத்தில் இருப்பதால் அதற்கு மேல் அழுக்காக ஒன்றும் தெரியாது. இது எல்லோரும் சொல்லும் காரணம். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறி முதலாளி வந்தார். அக்காவுக்குத் தூரத்து உறவு, அவரைப் பாவா என்று கூப்பிடுவார். தன் வெள்ளை வண்டியை முழுக்கக் கிளிப்பச்சை ஆக்கச் சொன்னார். அவர் தறியில் நெய்த லுங்கிகளில் அதிகம் ஓடிய நிறம் அது. ஆர்டிஓ ஆபீசில் நிறம் மாற்ற அனுமதியும் வாங்கி வந்துவிட்டார். நானும் ஆசை தீர அடித்துக் கொடுத்தேன், ஊரே திரும்பிப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்து வண்டியை விற்கப் பார்த்தார். வந்தவன் எல்லாம் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பான், டயர் நன்றாக இருக்கிறது என்பான், நிறத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விடுவான். கடைசியில் எங்களிடமே திரும்பி வந்து, வெள்ளி நிறம் அடித்துக் கொடுங்கள் என்றார். அடித்த வாரமே விற்றுப்போனது. கார் வாங்குகிறவன் தனக்காக நிறம் பார்ப்பதில்லை, தன்னிடமிருந்து அதை வாங்கப்போகிற முகம் தெரியாத ஒருவனுக்காகப் பார்க்கிறான். இதை நான் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்த வண்டிதான் என் தொழில் வாழ்க்கையிலேயே என்னை அதிகம் படுத்தியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒரு அக்னி நட்சத்திர காலத்தில் நடந்தது.

மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல் செய்துவந்த வைத்தியநாதன் என்பவரை ஊரில் வைத்தி சாமி என்பார்கள். தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு அதுதான் வேலை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, மலையடிவாரத்தில் தனியாக இருந்தார். ஒரே மகன் கணேசன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வைத்தி சாமி ஒரு திங்கட்கிழமை உச்சிகாலப் பூஜை முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்தார். உடம்பெல்லாம் மிளகும் நெய்யும் மணத்தது. பையன் காரில் ஒரு சின்னக் கறை, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றார்.

போய்ப் பார்த்தேன். வாங்கிப் பத்து நாள் ஆன வண்டி, கறுத்த சாம்பல், தகட்டுப் பொடி கலந்த மெட்டாலிக் வகை. பானெட்டின் நடுவில் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குப் பளபளப்பு போய், கட்டாந்தரை மாதிரி கீறிக் கிடந்தது. அதன் நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு வேலின் உருவம் மங்கலாகத் தெரிந்தது.

நடந்தது இதுதான். கணேசன் புது வண்டியை ஷோரூமிலிருந்து நேராக மலைக்கு ஓட்டிவந்து பூஜை போட்டிருக்கிறார். எல்லோரும் செய்வதுதான். பானெட்டில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, அதன்மேல் குங்குமத்தால் வேல் போட்டார்கள். மறுநாள் ஆபீஸ் வேலையாக டெல்லி போகவேண்டும் என்று வண்டியை அப்பா வீட்டு வாசலில் விட்டுவிட்டு, குங்குமத்தை இன்றைக்கே துடைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். வைத்தி சாமி துடைக்கவில்லை. எட்டு நாள் அக்னி வெயிலில் குங்குமத்தில் இருக்கும் சுண்ணாம்பு பெயின்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சை, நாங்கள் கிளியர் என்போம், அதை அரித்துவிட்டது. எட்டாம் நாள் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். மடப்பள்ளியில் பித்தளை அண்டாவுக்குப் போடுவது போல, புளியும் செங்கல் பொடியும் சேர்த்துத் தேங்காய் நாரால் அரை மணி நேரம் தேய்த்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"அவன் அம்மா போனதுலேர்ந்து மெட்ராசுக்கு வந்துடுன்னு சொல்லிண்டே இருக்கான். டெல்லிலேர்ந்து திரும்பி வந்ததும் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை வரான். வந்து இதைப் பாத்தா என்ன சொல்வான்? எட்டு நாள் ஒரு வண்டியைப் பாத்துக்கத் தெரியலை, உன்னை எப்படித் தனியா விடறதும்பான். அப்புறம் நான் வாயைத் திறக்க முடியாது. மடப்பள்ளியை விட்டுட்டு ஃபிளாட்டுல போய் உக்காந்துண்டு நான் என்னப்பா பண்ணுவேன்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமையே வண்டி புதுசாக வந்து நிற்கும், கவலையை விடுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒருவேளை மகனுக்குச் சந்தேகம் வந்து கேட்டால், பக்கத்து வீட்டுப் புளியமரக் கிளை விழுந்தது என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சரி என்றேன். பெயின்டருக்குச் சொல்லத் தெரியாத பொய்யா? அக்காவிடமும் சொன்னேன். பொய்யோ மெய்யோ அதில் தன்னை இழுக்காதே, வண்டியை மட்டும் சரியாகக் கொடு என்றார்.

அன்றே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்தேன். செவ்வாய்க்கிழமை ரயில் ஏறி, வண்டியின் நிற எண்ணைக் காட்டிச் சென்னையில் பெயின்ட் கலந்து வாங்கி வந்தேன். அன்று சாயங்காலமே பானெட்டைத் தேய்த்துப் பிரைமர் போட்டாயிற்று. புதன்கிழமை காலை ஷெட்டுக்குள் அடித்து முடித்தேன். டியூப்லைட்டில் பார்த்தேன், அச்சு அசலாக இருந்தது. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

நாலு மணிக்கு அக்கா வந்தார். வண்டியை வெளியே தள்ளினோம். மதிலைப் பார்த்தார், திரும்பினார், நேராகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. இடது பக்கம் போய் உட்கார்ந்தார். எழுந்து உள்ளே போய்விடுவார் என்று பயந்தேன். ஆனால் அன்றைக்கு, இங்க வந்து உக்காரு என்று என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்தேன். நேரில் ஒன்றாகத் தெரிந்த பானெட்டும் மட்கார்டும் பக்கவாட்டில் இரண்டு வண்டியாகத் தெரிந்தன. பானெட் கறுத்துப்போயிருந்தது. அவசரத்தில், மூன்று பூச்சாக அடிக்க வேண்டியதை ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்து ஈரமாக அடித்திருக்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாம்பல் வண்டியில் இதெல்லாம் யாருக்குத் தெரியும், அழுக்கு படிந்தால் மறைந்துபோகும், பையன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவான், இருட்டிவிடும், பெரியவர் பாவம் என்று அடுக்கினேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை நிற்காது.

"சாம்பல் அழுக்கைத்தான் மறைக்கும் ஜெயவேலு. நம்ம கையை மறைக்காது. உன் கண்ணு இன்னா டியூப்லைட்டுல பொறந்த கண்ணா? அந்தப் பையன் நாளைக்கு இல்லைன்னா அடுத்த மாசம் பாப்பான். அப்ப பெரியவர் பொய் சொன்னதும் சேந்து தெரியும். அவருக்கு நல்லது பண்றேன்னு சொல்லிகினு நீ அவரைத்தான் மாட்டி வுடற."

நான் கன்னைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கோபம் அக்கா மேலா என் மேலா என்று எனக்கே தெரியவில்லை. காலையில் எழுந்தபோது தெளிவாகத் தெரிந்தது. என் மேல்தான்.

வியாழக்கிழமை முதல் வேலையாக வைத்தி சாமியிடம் போய் உண்மையைச் சொன்னேன். பானெட்டை மட்டும் அடித்தால் பிடிபடும். இரண்டு பக்க மட்கார்டிலும் பெயின்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய்க் கலக்க வேண்டும், அதன்பின் முழுவதும் கிளியர் போட வேண்டும். அப்போது நிறம் எங்கே மாறுகிறது என்று கண் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அதற்கு ஒரு குறையும் இல்லாத மட்கார்டுகளைத் தேய்த்தாக வேண்டும், வண்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வரும். அவர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பண்ணு என்றார்.

அன்று பகல் மூன்று மணி. பானெட்டையும் மட்கார்டுகளையும் தேய்த்து, கண்ணாடிக்கும் கதவுகளுக்கும் செய்தித்தாள் ஒட்டி வைத்திருந்தோம். புது வண்டியின் முகமே இல்லாமல் வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக நின்றது. பார்க்கவே சகிக்காத நேரம் அது. அந்த நேரத்தில்தான் வாசலில் வைத்தி சாமியும் அவருக்குப் பின்னால் தோளில் பையோடு ஓர் ஆளும் வந்து நின்றார்கள். வேலை ஒரு நாள் முன்னதாக முடிந்து, கணேசன் ரயிலில் வந்துவிட்டார். வீட்டு வாசலில் வண்டியைக் காணோம் என்று கேட்டதும் பெரியவர் அழைத்து வந்திருக்கிறார்.

கணேசன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். நான் வாக்குக் கொடுத்தவன். பக்கத்து வீட்டுப் புளியமரம் என்று ஆரம்பித்தேன்.

"மரம் ஒண்ணும் விழலை. அவரை ஏன் பொய் சொல்ல வெக்கணும்? நான்தான்டா தேய்ச்சேன்" என்றார் வைத்தி சாமி. புளி, செங்கல் பொடி, தேங்காய் நார் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மடப்பள்ளியில் சாமான் கணக்கு சொல்வது போல ஒன்றையும் விடவில்லை.

கணேசன் பையைக் கீழே வைத்தார். "அன்னிக்கே துடைச்சுடுன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தானேப்பா போனேன். ஒரு துணியால துடைக்க வேண்டிய விஷயம். இதுக்குத்தான் சொல்றேன், நீ இனிமே தனியா இருக்க வேண்டாம்னு."

பெரியவர் பயந்த வார்த்தை வந்தேவிட்டது. நானும் அக்காவும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம்.

"உன் வண்டிடா" என்றார் வைத்தி சாமி. "சாமி முன்னாடி வெச்ச முதல் குங்குமம். அதை என் கையால அழிச்சுட்டு, அப்புறம் நீ இந்த வண்டியை ஓட்டிண்டு போறச்சே வழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? தானா உதிரட்டும்னு விட்டேன். தினம் காலம்பற வந்து பாப்பேன், உதிரலை. எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? உன்னைப் பத்தின பயம்தான் தெரியும்."

கணேசன், நாங்கள் தேய்த்து வைத்த பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மனசு இளகினால் எனக்கு வாய்தான் அதிகமாகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பாருங்கள், எது நாங்கள் அடித்த பாகம் என்று நீங்கள் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு நான் கன்னைத் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை முறைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன் ஷெட் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். நான்கு தகரத் துண்டுகளில் நான்கு விதமாக அடித்துப் பார்த்தேன். காற்றழுத்தம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, கையை வேகமாக ஓட்டி ஒன்று, தள்ளி நின்று ஒன்று. நான்கையும் வடக்குப் பக்க நிழலில் மட்கார்டின் மேல் சாய்த்து வைத்து, அக்கா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது ஒத்துப்போனது. அதே அழுத்தம், அதே தூரம், அதே வேகம். மனசுக்குள் எண்ணிக்கொண்டே கையை ஓட்டினேன். மட்கார்டுக்கு வந்ததும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மணிக்கட்டை மேலே தூக்கி, பெயின்டைப் புகையாக்கி விட்டேன். அடுத்த வீச்சு முந்தையதைவிட ஒரு சாண் தள்ளி முடிய வேண்டும். மூன்று பூச்சு அடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காயவிட்டு, அதன்மேல் கிளியர் இரண்டு பூச்சு போட்டேன். முடித்தபோது பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு அக்கா வந்தார். மூன்று பக்கமும் பார்த்தார். போகலாம் என்று சொல்லவில்லை. பத்து மணிக்கும் பார்க்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பாலிஷ் போட்டு வண்டியை வெளியே நிறுத்தியிருந்தேன். அப்பாவும் மகனும் வந்தார்கள். அக்கா முதலில் தான் பார்த்துவிட்டு, போகலாம் என்றார். பிறகு கணேசனை மதிலைப் பார்க்கச் சொல்லித் திருப்பி நிற்கவைத்தார். பாண்ட் போட்ட மனுஷனைக் குத்துக்காலிட்டு உட்காரவும் வைத்தார். அவர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எழுந்து, சந்தேகத்தோடு இடது பின்கதவைக் காட்டினார். இதுதானே என்றார்.

அது கம்பெனியில் அடித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதை அவரிடம் சொன்னது அக்காதான்.

கணேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அந்த நிறம் எப்படி வந்தது என்று சொன்னார். அப்பா சிவப்பு கேட்டிருக்கிறார், மங்களம் என்று. மனைவி வெள்ளை கேட்டாள், வெயிலுக்கு நல்லது என்று. மாமனார் சிவப்பு வேண்டவே வேண்டாம் என்றார், குழந்தை நீலம் என்று அழுதது. "சாம்பலை யாரும் கேக்கலை. ஆனா யாரும் வேண்டாம்னும் சொல்லலை. புக் பண்ணிட்டேன்" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த காரணம் அதுதான். அதற்குப் பிறகு சாம்பல் வண்டி கொண்டுவந்த ஒவ்வொரு ஆளிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இதே கதைதான். வீட்டில் யாருக்கும் பிடித்த நிறம் இல்லை, யாரும் மறுக்காத நிறம். காரைச் செய்கிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

கணேசன் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறுவார் என்று நினைத்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் ட்ரெயின்ல போறேன். வண்டி இங்கேயே இருக்கட்டும்பா."

வைத்தி சாமிக்குப் புரியவில்லை. "மறுபடியும் என்கிட்டயா?"

"உன்கிட்டதான். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன். மெட்ராஸ் வரதைப் பத்தி நான் இனிமே கேக்க மாட்டேன். உனக்கா எப்போ தோணறதோ அன்னிக்குச் சொல்லு, இதுலயே வந்து கூட்டிண்டு போறேன்."

சாவியை அப்பாவின் கையில் வைத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். பெரியவருக்கு கார் ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டியை வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தச் சாவியை மடப்பள்ளிச் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, உச்சிகாலத்துக்கு உலை வைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, வேகமாக மலைக்குக் கிளம்பிப் போனார்.